கணக்குக்குக் கடன் போகும் பி.டி. பீரியட்

நெதர்லாந்தின் வடபகுதியில் 12 தொடக்கப் பள்ளிகளில் வாய்ப்பாடு சொல்லித்தரப்பட்ட விதமே வேறு. பலகையில் ‘இரண்டு பெருக்கல் நான்கு’ என்று கணக்கு வரும். பிள்ளைகள் எழுந்து நின்று எட்டு முறை குதிப்பார்கள். அடுத்த கணக்கு வரும்வரை சும்மா நிற்பதில்லை; நின்ற இடத்திலேயே மெல்ல ஓடிக்கொண்டிருப்பார்கள். எழுத்துக்கூட்டும் பாடத்திலும் இதே முறைதான். ஒரு சொல்லில் எத்தனை எழுத்தோ, அத்தனை தாவல். வாரத்துக்கு 3 நாள், நாளுக்கு 20 முதல் 30 நிமிடம், ஆண்டுக்கு 22 வாரம் என்று 2 ஆண்டுகள் இந்த வகுப்பு நடந்தது. இரண்டாம், மூன்றாம் வகுப்புகளைச் சேர்ந்த 499 பிள்ளைகள் ஆய்வில் இருந்தார்கள். ஒரு பிரிவினர் குதித்துப் படிக்க, இன்னொரு பிரிவினர் வழக்கம்போல் உட்கார்ந்து படித்தார்கள்.

குரோனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதன் முடிவை 2016-ல் ‘பீடியாட்ரிக்ஸ்’ என்ற மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். கணக்கிலும் எழுத்துக்கூட்டலிலும், குதித்துப் படித்த பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறத்தாழ 4 மாதப் படிப்பு அளவுக்கு முன்னே போயிருந்தார்கள். வாசிப்பில் மட்டும் வேறுபாடு தெரியவில்லை.

அந்தப் பள்ளிகள் விளையாட்டுக்காகக் கணக்கு நேரத்தைக் குறைக்கவில்லை. கணக்குக்காக விளையாட்டு நேரத்தைப் பறிக்கவும் இல்லை. கணக்குப் பாடமே எழுந்து நின்று நடந்தது, அவ்வளவுதான்.

நம் பள்ளிகளில் நிலைமை தலைகீழ். அரையாண்டுத் தேர்வு முடிந்து ஜனவரி பிறந்துவிட்டால், பத்தாம் வகுப்புக் கால அட்டவணையில் பி.டி. பீரியட் பெயருக்குத்தான் இருக்கும். ‘போர்ஷன் முடியல’ என்று கணக்கு ஆசிரியர் கேட்பார். ‘ரிவிஷன் டெஸ்ட்’ என்று அறிவியல் ஆசிரியர் கேட்பார். கடன் என்றுதான் பேச்சு. ஆனால், போன பீரியட் திரும்பி வருவதில்லை. இந்த வழக்கம் பொதுத்தேர்வு வகுப்புகளோடு நிற்காமல் எட்டு, ஏழு, ஆறு என்று கீழேயும் இறங்கிவிட்டது. வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைக்கு ‘இன்னைக்கு உனக்கு பி.டி. கிடையாது’ என்பதே தண்டனை. ஓரிடத்தில் உட்கார முடியாமல் நெளிகிற பிள்ளைக்குத்தான் ஓட்டமும் ஆட்டமும் மற்றவர்களைவிட அதிகம் தேவை. அந்தத் தண்டனை அடிக்கடி போய்ச் சேர்வதும் அதே பிள்ளையிடம்தான்.

‘கையைக் கட்டு, வாயைப் பொத்து’ என்பது நம் வகுப்பறைகளில் தலைமுறை தலைமுறையாகக் கேட்கும் கட்டளை. அசையாமல் உட்கார்ந்திருப்பதே கவனம் என்றும், அசைந்தால் கவனம் சிதறிவிட்டது என்றும் ஆசிரியரும் நம்புகிறார், பெற்றோரும் நம்புகிறார்கள். படிப்பு மூளையின் வேலை, விளையாட்டு உடம்பின் வேலை என்று இரண்டையும் வெட்டிப் பிரித்துவிட்டதன் விளைவு இது. மூளையைப் பற்றிய ஆராய்ச்சிகள் 60 ஆண்டுகளாகச் சொல்லிவருவது இதற்கு நேர்மாறானது.

அமெரிக்க உளவியலாளர்கள் ரிச்சர்டு ஹெல்டும் ஆலன் ஹைனும் 1963-ல் வெளியிட்ட ஒரு பரிசோதனையை இங்கே சொல்லியாக வேண்டும். பிறந்தது முதல் இருட்டில் வளர்க்கப்பட்ட பூனைக்குட்டிகளை இரண்டிரண்டாகப் பிரித்தார்கள். நடுவில் ஒரு கம்பம், அதன் உச்சியில் சுழலும் குறுக்குக் கட்டை. கட்டையின் ஒரு முனையில் கட்டப்பட்ட குட்டி, தன் கால்களால் தரையில் நடந்து வட்டமாகச் சுற்றி வரலாம். மறுமுனையில் தொங்கும் சிறு தொட்டியில் இன்னொரு குட்டி உட்கார்ந்திருக்கும். நடக்கும் குட்டி திரும்பினால் தொட்டியும் திரும்பும். அது நின்றால் தொட்டியும் நிற்கும். சுற்றிலும் கோடு போட்ட சுவர். தினமும் 3 மணி நேரம் இரண்டு குட்டிகளும் பார்த்தது ஒரே காட்சியை. ஒன்று நடந்து பார்த்தது, மற்றொன்று சுமக்கப்பட்டுப் பார்த்தது.

பிறகு இரண்டையும் சோதித்தார்கள். நடந்த குட்டி மேசை விளிம்பை நெருங்கும்போது முன்னங்காலை நீட்டித் தாங்கிக்கொண்டது. பள்ளத்தைக் கண்டு ஒதுங்கியது. முகத்தை நோக்கி ஒரு பொருள் வந்தால் கண்ணைச் சிமிட்டியது. தொட்டியில் உட்கார்ந்து வந்த குட்டிக்கு இதில் ஒன்றும் வரவில்லை. அதன் கண்ணில் பழுது இல்லை. தான் பார்ப்பதற்கும் தன் உடம்பு செய்வதற்கும் உள்ள தொடர்பை அதன் மூளை கற்றுக்கொள்ளவில்லை. பிறகு அதைத் தன் பாட்டுக்கு நடமாட விட்டபோது சில நாள்களிலேயே தேறிவிட்டது. விலங்குகளை இப்படி வைத்துச் சோதிப்பதை இன்று பலர் ஏற்க மாட்டார்கள். ஆனாலும், மடியில் உட்கார்த்தி செல்போனைக் கையில் கொடுத்துச் சோறு ஊட்டப்படும் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பார்க்கும்போது அந்தத் தொட்டிக் குட்டி நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

மனிதக் குழந்தைகளிடம் இதே கேள்வியைக் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜோசஃப் கேம்போஸ் நெடுங்காலம் ஆராய்ந்தார். பள்ளத்தைக் கண்டு அஞ்சும் பழக்கம் குழந்தைக்கு வயது ஏற ஏறத் தானாக வருவதில்லை; தவழ்ந்து பழகிய அனுபவம் ஏற ஏற வருகிறது என்று அவர் குழுவினர் கண்டார்கள். ஒரே வயதுள்ள இரண்டு குழந்தைகளில், சில வாரங்கள் தவழ்ந்து பழகிய குழந்தை தயங்கும். தவழாத குழந்தைக்கு அந்தத் தயக்கம் வருவதில்லை.

குழந்தை வளர்வதை உடம்பின் அசைவைக் கொண்டு அளக்கும் கண் தமிழுக்குப் பழையது. பிள்ளைத்தமிழின் பருவங்கள் அதற்குச் சாட்சி. ஐந்தாம் மாதத்தில் கையூன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. ஒன்பதாம் மாதத்தில் இரு கையையும் சேர்த்துக் கொட்டுவது சப்பாணி. ஓராண்டு நிறைந்ததும் தளர்நடையிட்டு வருவது வருகை. அதன்பின் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாற் பிள்ளைத்தமிழ் என்றால் அம்மானையும் ஊசலும். பாட்டுடைத் தலைவரைக் குழந்தையாக்கிப் பாடுவதற்கு வந்த இலக்கிய வகைதான் இது. இருந்தாலும் கழுத்து நிற்பதில் தொடங்கி, கைகள் உடலின் நடுக்கோட்டில் சந்திப்பது, நடப்பது, கொட்டுவது, உருட்டுவது என்று அது போகும் வரிசை, இன்று குழந்தை மருத்துவர்கள் வளர்ச்சிப் படிநிலைகளைக் குறித்துக்கொள்ளும் வரிசையோடு பெரிதும் ஒத்துப்போகிறது.

மரத்தில் செய்த மூன்று சக்கர நடைவண்டியையும் இந்த இடத்தில் நினைக்கலாம். குழந்தை எழுந்து நின்று, தன் எடையைத் தன் காலிலேயே தாங்கி, தள்ளிக்கொண்டு போகிற பொருள் அது. இன்று அதன் இடத்தைப் பிடித்திருப்பது குழந்தையை நடுவில் உட்கார வைக்கும் பிளாஸ்டிக் வாக்கர். பெயர் நடக்கவைப்பது, ஆனால், அதில் வளர்ந்த குழந்தைகள் உட்காருவதும் தவழ்வதும் நடப்பதும் தாமதமானதாக 1999-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. படிக்கட்டில் உருண்டு விழும் விபத்துகளும் சேர, கனடா 2004-ல் வாக்கர் விற்பனையையே தடைசெய்துவிட்டது. இங்கே அது குழந்தை பிறந்த வீட்டுக்குக் கொண்டுபோகும் பரிசுப் பொருள்.

அசைவுக்கும் சிந்தனைக்கும் உள்ள உறவை மூளைக்குள்ளேயே பார்க்கலாம். பின்மண்டைக்குக் கீழே இருக்கும் சிறுமூளை, மூளையின் எடையில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால், மனித மூளையில் உள்ள சுமார் 8,600 கோடி நரம்புச் செல்களில் ஏறத்தாழ 80 சதவீதம் அதற்குள்தான் இருக்கின்றன. உடம்பின் சமநிலையையும் அசைவின் ஒழுங்கையும் பார்த்துக்கொள்ளும் உறுப்பு என்றுதான் பாடப்புத்தகங்கள் அதைச் சொல்லிவந்தன. கனடாவில் பணியாற்றும் மூளை ஆய்வாளர் ஏடல் டயமண்ட் 2000-ல் எழுதிய ஒரு கட்டுரை, திட்டமிடுதலுக்கும் தன்னை அடக்கிக்கொள்ளும் திறனுக்கும் உரிய முன்மூளைப் பகுதி வேலைசெய்யும்போதெல்லாம் சிறுமூளையும் கூடவே வேலைசெய்வதைச் சுட்டிக்காட்டியது. அசைவும் சிந்தனையும் மூளைக்குள் தனித்தனி வீடுகளில் குடியிருக்கவில்லை.

இனி வகுப்பறைக்குப் பக்கத்தில் வருவோம். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹில்மன் 2009-ல் ஒரு சிறிய சோதனை நடத்தினார். ஒன்பது, பத்து வயதுள்ள 20 பிள்ளைகள். ஒரு நாள் 20 நிமிடம் டிரெட்மில்லில் சற்று வேகமாக நடந்தார்கள். இன்னொரு நாள் அதே நேரம் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு கவனத்தைச் சோதிக்கும் ஒரு வேலை கொடுக்கப்பட்டது. பக்கத்தில் இருப்பவை திசைதிருப்பினாலும் நடுவில் இருப்பதை மட்டும் பார்த்து விடை சொல்ல வேண்டும். நடந்த நாளில் பிள்ளைகளின் விடைகள் கூடுதலாகச் சரியாக இருந்தன. வாசித்துப் புரிந்துகொள்ளும் தேர்விலும் மேலாகச் செய்தார்கள். எழுத்துக்கூட்டலிலும் கணக்கிலும் அந்த ஒரு நடை எதையும் மாற்றிவிடவில்லை.

ஒருநாள் நடைக்கு இவ்வளவு என்றால், மாதக்கணக்கில் செய்தால் என்ன ஆகும்? ஜார்ஜியா மாநிலத்தில் கேத்தரின் டேவிஸ் குழுவினர், உடல் எடை கூடிய, ஓடியாடிப் பழகாத 171 பிள்ளைகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குப் பள்ளி விட்டதும் தினம் 20 நிமிட விளையாட்டு, இன்னொன்றுக்கு 40 நிமிடம், மூன்றாவதற்கு எதுவும் இல்லை. சுமார் 3 மாதம் கழித்துப் பார்த்தால், திட்டமிட்டுச் செயல்படும் திறன் 40 நிமிடக் குழுவில் அதிகமாக வளர்ந்திருந்தது. யாரும் கூடுதலாகக் கணக்குச் சொல்லித்தரவில்லை. ஆனாலும் கணக்கு மதிப்பெண் கூடியது. ஹில்மன் குழு 221 பிள்ளைகளை 9 மாதம் பின்தொடர்ந்து 2014-ல் வெளியிட்ட ஆய்விலும் இதே போக்கு தெரிந்தது. விளையாட்டுக்கு ஒழுங்காக வந்த பிள்ளைகள் கூடுதல் பலன் பெற்றார்கள்.

இதற்குக் காரணம் தேடினால், உடற்பயிற்சியின்போது மூளையில் கூடுதலாகச் சுரக்கும் ஒரு வளர்ச்சிப் புரதத்தை அறிவியலாளர்கள் காட்டுகிறார்கள். சக்கரத்தில் ஓடவிட்ட எலிகளின் மூளையில், நினைவுகளைப் பதிவுசெய்யும் ஹிப்போகேம்பஸ் பகுதியில் புதிதாகத் தோன்றி நிலைத்த செல்கள் ஏறத்தாழ இரு மடங்காக இருந்ததைக் கலிஃபோர்னியாவின் சால்க் ஆய்வு நிறுவனம் 1999-ல் கண்டது. இல்லினாயில் 49 பிள்ளைகளை எம்.ஆர்.ஐ. படம் எடுத்தபோது, உடல்தகுதி மிக்கவர்களின் ஹிப்போகேம்பஸ் மற்றவர்களைவிட 12 சதவீதம் பெரிதாக இருந்தது. ஆனால், எலியை வைத்துப் பிள்ளையை முடிவுகட்ட முடியாது. ஒருமுறை எடுத்த படத்தை வைத்து, ஓட்டத்தால்தான் அந்தப் பகுதி வளர்ந்தது என்று அறுதியிடவும் முடியாது. வீட்டுச் சூழல், சாப்பாடு, தூக்கம் எல்லாமே அதற்குள் கலந்திருக்கலாம்.

இந்த எச்சரிக்கையைத் தாண்டிப் போகும் ஆர்வலர்கள் நிறையப் பேர். அமெரிக்காவின் நேப்பர்வில் ஊரை அவர்கள் தவறாமல் எடுத்துக்காட்டுவார்கள். காலையில் முதல் வகுப்புக்கு முன்பே பிள்ளைகளை ஓடவைத்த பள்ளி மாவட்டம் அது. 1999-ல் நடந்த பன்னாட்டுத் தேர்வில் அதன் எட்டாம் வகுப்பு மாணவர்கள் அறிவியலில் உலகிலேயே முதலிடத்துக்கும், கணிதத்தில் ஆறாம் இடத்துக்கும் வந்தார்கள். ஜான் ரேட்டி எழுதிய ‘ஸ்பார்க்’ என்ற நூல் அந்த ஊரைப் புகழ்பெறச் செய்தது. ஆனால், நேப்பர்வில் வசதியும் படிப்பும் மிக்கவர்கள் வாழும் ஊர். அந்தப் பெருமை முழுவதையும் காலை ஓட்டத்தின் கணக்கில் எழுதுவது சரியாகாது.

2019-ல் ஓர் ஆய்வாளர் குழு, இந்தத் துறையில் வெளியான 58 ஆய்வுகளைச் சல்லடை போட்டு அலசியது. அவற்றில் தரம் உயர்ந்தவை 11 மட்டுமே என்று சொன்னது. பொதுவான அறிவுத்திறன் முழுவதும் கூடுகிறதா என்பதற்கு உறுதியான சான்று இல்லை. கணக்கில் பலன் உண்டு என்பதற்கு மட்டும் வலுவான சான்று இருக்கிறது என்பது அதன் முடிவு. ஏடல் டயமண்டும் ஒன்றை விடாமல் சொல்லிவருகிறார்: யோசனைக்கு வேலையே இல்லாத வெறும் ஓட்டத்தால் சிந்தனைத் திறன் பெரிதாக வளர்வதில்லை. விதியை நினைவில் வைப்பது, எதிராளியின் அசைவைக் கணிப்பது, தன்னை அடக்கிக்கொள்வது ஆகியவை சேர்ந்த அசைவே மூளைக்கு வேலை கொடுக்கிறது. மூச்சு விடாமல் ‘கபடி கபடி’ என்று பாடிக்கொண்டு எல்லைக்கோட்டைத் தாண்டிப் போகும் பிள்ளை, ஏழு பேரின் கால்களையும் கண்ணால் அளந்தபடி திரும்பும் நேரத்தைக் கணக்கிட வேண்டியிருக்கிறது. பாண்டி ஆடும் சிறுமி ஒற்றைக் காலில் நின்றபடி எந்தக் கட்டத்தை மிதிக்கக் கூடாது என்பதை நினைவில் வைத்திருக்கிறாள். மைதானத்தை வெறுமனே நாலு சுற்றுச் சுற்றிவரச் செய்வதற்கும் இதற்கும் தூரம் அதிகம்.

எழுத்து கற்பதிலும் உடம்புக்குப் பங்கு உண்டு. இந்தியானா பல்கலைக்கழகத்தின் கேரின் ஜேம்ஸ், இன்னும் வாசிக்கத் தெரியாத 5 வயதுப் பிள்ளைகளில் சிலரை எழுத்துகளைக் கையால் எழுதச் சொன்னார். சிலரைத் தட்டச்சு செய்யச் சொன்னார். பிறகு அந்த எழுத்துகளைக் காட்டி மூளையைப் படம் பிடித்தபோது, வாசிப்புக்கான பகுதிகள் கையால் எழுதிய பிள்ளைகளிடம்தான் விழித்துக்கொண்டன. 2022-ல் கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் 5, 6 வயதுப் பிள்ளைகள் 149 பேரிடம் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். எழுத்தின் ஒலியை முழு உடம்பாலும் செய்து காட்டிக் கற்ற பிள்ளைகள், உட்கார்ந்து கற்றவர்களைவிட, கடினமான ஒலிகளில் இரு மடங்கு முன்னேறினார்கள். டென்மார்க் ஏற்கெனவே 2014-ல் கொண்டுவந்த பள்ளிச் சீர்திருத்தத்தில், நாளுக்குச் சராசரி 45 நிமிடம் உடலசைவு இருந்தே ஆக வேண்டும் என்று விதித்திருந்தது. ரகரம், றகரம், லகரம், ளகரம், ழகரம் என்று ஒலிக்குழப்பத்தில் நம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எவ்வளவு தடுமாறுகிறார்கள் என்பது எல்லா ஆசிரியர்களுக்கும் தெரியும். ஒவ்வோர் ஒலிக்கும் ஓர் அசைவு என்று வைத்துப் பார்க்கத் தமிழ் ஆசிரியர்களுக்கு யாரும் தடை போடவில்லை.

விரலால் எழுதிப் பழகுவது நமக்குப் புதிதும் அல்ல. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலைப் பரப்பி, வாயால் சொல்லிக்கொண்டே விரலால் எழுதினார்கள். 1790-களில் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான பள்ளியை நடத்திய ஸ்காட்லாந்து பாதிரியார் ஆண்ட்ரூ பெல், அப்படியொரு பள்ளியைப் பார்த்துவிட்டுத் தன் பள்ளியிலும் மணலைக் கொண்டுவந்தார். 1797-ல் அதைப் பற்றி லண்டனில் நூலும் வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போனது. இன்று விஜயதசமியன்று தட்டில் பரப்பிய அரிசியில் ‘அ’ எழுதுவதோடு விரலின் வேலை முடிந்துவிடுகிறது. மறுநாளே நாலு கோடு நோட்டும் பென்சிலும் வந்துவிடும். விரல் தசைகள் பென்சிலைப் பிடிக்கும் பக்குவத்துக்கு வரும் முன்பே எல்.கே.ஜி. பிள்ளை பக்கம் பக்கமாக எழுதித் தள்ள வேண்டியிருக்கிறது.

மூளை என்ற சொல்லைக் கேட்டதும் பெற்றோருக்கு வரும் ஆசையைக் காசாக்கும் கூட்டமும் இங்கே உண்டு. ‘மிட்பிரெய்ன் ஆக்டிவேஷன்’ என்று சொல்லி, கண்ணைக் கட்டிக்கொண்டு பிள்ளை புத்தகம் வாசிக்கும் என்று ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கினார்கள். பகுத்தறிவாளர்கள் நேரில் போய், மூக்கோரத்து இடைவெளி வழியாகப் பிள்ளைகள் எட்டிப் பார்ப்பதை வெளிப்படுத்தினார்கள். பிள்ளைகளைப் பொய் சொல்லப் பழக்கியதுதான் அந்தப் பயிற்சி செய்த மிச்சம். கலிஃபோர்னியாவிலிருந்து வந்த ‘பிரெய்ன் ஜிம்’ இவ்வளவு மோசமில்லை. ஆனால், காறை எலும்புக்குக் கீழே தேய்த்தால் மூளைக்கு ரத்தம் பாயும் என்பது போன்ற அதன் விளக்கங்களுக்கு அறிவியலில் இடமில்லை. பிள்ளையார் முன் போடும் தோப்புக்கரணம் வெளிநாடுகளில் ‘சூப்பர் பிரெய்ன் யோகா’ என்று புதுப்பெயர் பெற்றது. நம்மில் பலருக்கு அதில் பெருமை. உட்கார்ந்து எழுவது காலுக்கும் மூச்சுக்கும் நல்ல பயிற்சி, அதில் ஐயமில்லை. காதைப் பிடிப்பதால் இடது மூளையும் வலது மூளையும் இணையும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. நல்ல பயிற்சியான அதை வகுப்பில் தண்டனையாக்கி, நூறு முறை போடு என்று பிள்ளையை அவமானப்படுத்துவது எந்த வகையிலும் நியாயம் ஆகாது.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகள் ஒரு காலத்தில் பிள்ளைகளை எழுந்து நடமாடவிட்டன. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியில் உருவான முறையைத் தழுவி, சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் 2003-ல் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-ல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் அது போனது. வகுப்பிலிருந்து பெஞ்சு வெளியேறியது. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். பாடங்களைப் படிப்படியாக வரிசைப்படுத்திய ஏணிப் படத்தில் தான் எந்தப் படியில் இருக்கிறோம் என்று பார்த்து, தானே எழுந்துபோய் அதற்குரிய பாட அட்டையை எடுத்துவர வேண்டும். சுவரின் அடியில் பிள்ளைகளின் உயரத்துக்குக் கரும்பலகை; தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் அவர்கள் செய்த படைப்புகள். ஆசிரியர் பற்றாக்குறையும் பல வகுப்பை ஒருவரே பார்க்கும் நெருக்கடியும் அந்தத் திட்டத்தை வாட்டின. எழுத்தும் கணக்கும் போதிய அளவு வரவில்லை என்ற விமர்சனமும் எழுந்தது. அதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால், பிள்ளை தன் பாடத்துக்காக எழுந்து நடக்கலாம் என்ற உரிமையை அது வகுப்பறைக்குள் கொண்டுவந்தது.

2022-ல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பாடல், கதை, பொம்மலாட்டம் எல்லாம் உண்டு. கற்றல் நிலையைப் பொறுத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்துக் கற்பிக்கிறார்கள். வராந்தாவில் சுண்ணாம்புக்கட்டியால் எண்கோடு வரைந்து, ஏழில் நிற்கும் பிள்ளையை ஐந்து தாவல் தாவச் சொல்லும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பன்னிரண்டில் போய் இறங்கிய பிள்ளைக்குக் கூட்டல் என்பது முன்னே போவது என்று விளங்குகிறது. திரும்பி மூன்று தாவல் பின்னால் வந்தால் கழித்தல் விளங்குகிறது. இதற்குச் செலவு ஒரு சுண்ணாம்புக்கட்டி. ஆறாம் வகுப்புக்கு வந்ததும் எல்லாம் அடங்கி, இரண்டு பேர் பெஞ்சில் மூன்று பேர் நெருக்கி உட்காரும் வாழ்க்கை தொடங்கிவிடுகிறது. தனியார் பள்ளிகளில் எல்.கே.ஜி.யிலேயே அது தொடங்கிவிடுகிறது.

கல்வி உரிமைச் சட்டம் எல்லாப் பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் இருக்க வேண்டும் என்கிறது. நகரங்களில் மாடி மேல் மாடியாக எழுந்து நிற்கும் பல பள்ளிகளில் மைதானம் என்பது வேன் நிறுத்தும் இடம். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியர் பணியிடமே கிடையாது. நடுநிலைப் பள்ளிகளுக்காக 2012-ல் உடற்கல்வி, ஓவியம், தையல் உள்ளிட்ட பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய் ஊதியத்தில், வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலைக்கு எடுக்கப்பட்டார்கள். ஊதியம் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. பணி நிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்கில் அவர்கள் தெருவில் இறங்கிப் போராடியதைத் தமிழ்நாடு பார்த்தது. பிள்ளைகளின் உடம்பை ஒரு பாடமாக மதிக்காத மனநிலை, அதைச் சொல்லித்தரும் ஆசிரியரையும் அரை ஆசிரியராகவே வைத்திருக்கிறது.

இடைவேளையைப் பற்றியும் பேச வேண்டும். ஃபின்லாந்தில் 45 நிமிடப் பாடம் முடிந்தால் 15 நிமிடம் வெளியே விடுவது வழக்கம். பனிக்காலத்திலும் பிள்ளைகள் வெளியேதான் நிற்பார்கள். ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் நகரில் ஒரு தலைமை ஆசிரியை 2012-ல் பிள்ளைகளைத் தினம் 15 நிமிடம் வெளியே ஓடவிட்டார். சீருடையை மாற்றத் தேவையில்லை, போட்டியும் இல்லை. ‘டெய்லி மைல்’ என்று அது பல நாடுகளுக்குப் பரவிவிட்டது. நம் பள்ளிகளில் காலையில் பத்து நிமிடம், மதியம் பத்து நிமிடம். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு நாலைந்து கழிப்பறை இருக்கும் பள்ளியில், அந்தப் பத்து நிமிடமும் வரிசையிலும் தண்ணீர்க் குழாயிலுமே கரைந்துவிடுகிறது. கழிப்பறை கூடினால் விளையாடும் நேரமும் கூடும்.

மாணவிகளின் இழப்பு இன்னும் பெரிது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்ட கணக்கின்படி, உலக அளவில் 11 முதல் 17 வயதுவரை உள்ளவர்களில் மாணவர்கள் 78 சதவீதம் பேரும், மாணவிகள் 85 சதவீதம் பேரும் தினம் ஒரு மணி நேரம் என்ற அளவுக்கு உடலுக்கு வேலை கொடுப்பதில்லை. இந்தியாவில் இரு பாலரும் சேர்த்து 74 சதவீதம். இங்கே பெண் பிள்ளை வயதுக்கு வந்ததும் மைதானத்தின் ஓரத்துக்கு நகர்ந்துவிடுகிறாள். மாற்று உடை வசதி இல்லை, உடற்கல்விக்குப் பெண் ஆசிரியர் இல்லை, ‘பொட்டப்புள்ளைக்கு என்ன ஓட்டம்’ என்ற பேச்சு வேறு. ஹில்மனும் டேவிஸும் சொல்லும் பலன் எதுவாக இருந்தாலும், அதில் பாதிப் பிள்ளைகளின் பங்கு இப்படித்தான் பறிபோகிறது. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை ‘நீ உட்கார்ந்து வேடிக்கை பார்’ என்று ஒதுக்கப்படுவதும் இதோடு சேர்ந்த அநீதி. கைகளால் தட்டிக் கணக்குச் சொல்லும் வகுப்பில் அந்தப் பிள்ளைக்கும் இடம் உண்டு.

செய்ய வேண்டியவற்றில் பலவற்றுக்குப் பெரிய நிதி தேவையில்லை. உடற்கல்விப் பாடவேளையை வேறு பாடத்துக்குக் கொடுக்கக் கூடாது, தண்டனையாகப் பறிக்கவும் கூடாது என்று கல்வித்துறை கண்டிப்பான உத்தரவு போட்டு, ஆய்வுக்குப் போகும் அலுவலர் அதையும் கேட்க வேண்டும். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை கணக்குக்கும் மொழிக்கும் வாரத்தில் மூன்று வகுப்பையாவது நெதர்லாந்தில் செய்ததுபோல் எழுந்து நின்று நடத்தலாம். மாவட்ட ஆசிரியர் கல்வி நிறுவனங்களில் அதற்குப் பயிற்சி தரலாம். தமிழ்நாட்டின் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்களில் ஒற்றை அறையில் பிள்ளைகளை அடைத்துவைக்காமல், நாளில் ஒரு மணி நேரமாவது வெளியே மண்ணில் விட வழி செய்யலாம். பகுதிநேர உடற்கல்வி ஆசிரியர்களை முழுநேரமாக்குவதற்கு மட்டும் பணம் வேண்டும். அது தவிர்க்கக் கூடாத செலவு.

பெற்றோருக்கும் இதில் பிடிமானம் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு உறுப்பினர்கள் பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். கூட்டங்களில் கட்டடம், குடிநீர், கழிப்பறை, சத்துணவு பற்றிப் பேசுகிறார்கள், தீர்மானம் போடுகிறார்கள். சென்ற மாதம் எத்தனை பி.டி. பீரியட் நடந்தது, எத்தனை வேறு பாடத்துக்குப் போனது, மைதானத்தில் வேன் ஏன் நிற்கிறது, ஆறாம் வகுப்பு மாணவிகள் எத்தனை பேர் விளையாட இறங்கினார்கள் என்ற கேள்விகளையும் அதே கூட்டத்தில் கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லலாம்.